புது ஃபோக் பாடகரை எங்கே தேடுவது? ஸ்பாட்டிஃபையா, வானொலியா, பேண்ட்கேம்ப்பா, யூடியூப்பா?

அமெரிக்க ஃபோக் (நாட்டுப்புற மரபிலிருந்து வரும் பாட்டு), அமெரிக்கானா (ஃபோக்கும் கன்ட்ரியும் புளூஸும் கலந்த இசை) பக்கம் காது திரும்பியவர்களுக்கு முதல் சில மாதங்கள் கவலையே இருக்காது. பாப் டிலன், ஜான் ப்ரைன், டவுன்ஸ் வான் ஸான்ட், கில்லியன் வெல்ச், ஜேசன் இஸ்பெல் என்று பெரிய பெயர்கள் தானாகவே வந்து சேரும். அதெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும். கென்டக்கியிலோ டெக்சஸிலோ ஏதோ ஒரு சிற்றூரில், பெரிய லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், எதுவும் பின்னால் இல்லாமல், இந்த வருடம் முதல் ஆல்பம் போட்டிருக்கும் ஆளைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

வழிகள் நிறைய இருக்கின்றன, அவற்றுக்குள் போட்டியும் இருக்கிறது. நான் இவற்றை ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: பாட்டு வரும்போது கூடவே ஆளும் ஊரும் வருகின்றனவா? மற்ற இசைக்கு இது அவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம். ஃபோக்கில் யார் பாடுகிறார், எந்த மண்ணிலிருந்து பாடுகிறார், யாரிடம் கற்றார் என்பதெல்லாம் பாட்டின் பாதி. அதை உரித்துவிட்டுக் கையில் கொடுத்தால் மிஞ்சுவது ஒரு கிடார் சத்தம். காசு யாருக்குப் போகிறது, நம் ஊர் நேரத்துக்கும் கார்டுக்கும் ஒத்துவருமா என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

ஸ்பாட்டிஃபை

எல்லோரிடமும் இருப்பது இதுதான் என்பதால் இதிலிருந்தே தொடங்குவோம். இதன் பரிந்துரைப் பட்டியலான டிஸ்கவர் வீக்லி 2015-இல் வந்தது. திங்கட்கிழமைதோறும் 30 பாட்டு. உங்களைப் போன்ற ரசனை உள்ள மற்றவர்கள் தங்கள் பிளேலிஸ்ட்டுகளில் எதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதில் நீங்கள் கேட்காததை எடுத்துத் தருவது அதன் அடிப்படை வேலை. இதிலேயே ஓட்டை தெரிகிறது. யாருமே எந்தப் பிளேலிஸ்ட்டிலும் சேர்க்காத பாட்டைப் பற்றி அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நாம் தேடுவதோ அந்த ஆளைத்தான்.

இன்னொன்று, ஒரே மாதிரித்தன்மை. மெதுவான கிடார், மூச்சுக் கலந்த குரல், கொஞ்சம் எதிரொலி. இப்படிப் பத்துப் பாட்டு தொடர்ந்து ஓடும்போது யார் யாரென்றே தெரியாது. பாஞ்சோ என்ற தந்திக் கருவியை வெறித்தனமாக வாசிக்கும் ஒரு கிழவர் அந்த வரிசைக்குள் வரவே மாட்டார்.

காசு விஷயமும் நன்றாக இல்லை. டிஸ்கவரி மோட் என்று ஒன்றை 2020-இல் அறிவித்தார்கள். தங்கள் பாட்டைப் பரிந்துரைகளில் முன்னே தள்ள வேண்டுமென்றால், அங்கே ஓடும் தடவைகளுக்குக் குறைந்த ராயல்டியைப் பாடகர் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 முதல், ஒரு வருடத்தில் 1000 முறைகூட ஓடாத பாட்டுக்குப் பணமே கிடையாது. புதிதாக வரும் ஃபோக் பாடகர்களில் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள்.

அப்புறம் பிளேஸ் ஃபோலி கதை. டெக்சஸ் ஃபோக் ரசிகர்களுக்கு இது பழக்கமான பெயர். ஆஸ்டினில் 1989-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2025 ஜூலையில் ஸ்பாட்டிஃபையில் அவருடைய பக்கத்தில் ஒரு ‘புதுப் பாட்டு’ வந்து உட்கார்ந்தது. செயற்கை நுண்ணறிவு செய்த பாட்டு, அவர் சாயலே இல்லாத ஒரு படம். அவருடைய இசையை வெளியிடும் லேபிள் சொன்ன பிறகு நீக்கினார்கள். செத்துப்போனவரின் பெயருக்கே இந்தக் கதி என்றால், பெயரே இல்லாத புது ஆள் உண்மையில் ஒரு ஆள்தானா என்று அங்கே எப்படித் தெரிந்துகொள்வது?

சரி, ஒரு வேலைக்கு மட்டும் இது உருப்படி. ஒரு பாடகர் ஏற்கெனவே பிடித்துவிட்டால், அவருடைய பக்கத்தின் அடியில் அவரைக் கேட்பவர்கள் வேறு யாரையெல்லாம் கேட்கிறார்கள் என்று வரும். அக்கம்பக்கத்தைச் சுற்றிப் பார்க்க அது போதும்.

வானொலி

பழைய சரக்கு என்று பலர் ஒதுக்குவது இதைத்தான். என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான்.

அமெரிக்காவில் வணிகக் கன்ட்ரி நிலையங்கள் எடுக்காத இசையைப் பொது வானொலிகளும் சமூக வானொலிகளும்தான் தாங்கிப் பிடித்தன. ஃபோக் ஆலி என்ற 24 மணி நேர இணைய வானொலி 2003-இல் ஒஹையோவின் கென்ட் நகரத்து நிலையம் ஒன்றில் தொடங்கியது. டென்னசியில் மர்ஃப்ரீஸ்போரோ நகரத்துப் பல்கலைக்கழகத்தின் டபிள்யூஎம்ஓடி நிலையம் 2016 முதல் அமெரிக்கானாவுக்கு மாறிவிட்டது. மேற்கு வர்ஜீனியாவின் மவுன்டன் ஸ்டேஜ் 1983 முதல் மேடை நிகழ்ச்சியைப் பதிவு செய்து நாடு முழுக்க அனுப்புகிறது. பல ஆண்டுகள் லாரி க்ரோஸ் நடத்தினார், 2021 முதல் பாடகி கேத்தி மத்தேயா. ஒரே நிகழ்ச்சியில் பெயர்பெற்ற ஒருவரும் யாரும் கேள்விப்படாத ஒருவரும் அடுத்தடுத்து வருவார்கள். பெரிய பெயருக்காக வந்து சின்னப் பெயரோடு திரும்புவது அங்கே சகஜம்.

எனக்குப் பிடித்தது டென்னசியில் நாக்ஸ்வில் நகரத்தின் டபிள்யூடிவிஎக்ஸ். 1997-இல் ஒரு 14 அடி கேம்பர் வண்டிக்குள் ஆரம்பித்த நிலையம். அவர்களுடைய புளூ பிளேட் ஸ்பெஷல் நிகழ்ச்சியில், அந்த ஊர் நண்பகல் 12 மணிக்கு, ஊர் வழியே போகும் பாடகர்கள் வந்து நேரடியாகப் பாடுவார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. நமக்கு அது இரவு ஒன்பதரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பத்தரை. சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவும் நேரத்தில் டென்னசியின் மதியச் சாப்பாட்டு வேளைக் கச்சேரி காதில் விழும். நேர வித்தியாசம் நமக்குச் சாதகமாக அமையும் அபூர்வமான விஷயம் இது.

பாட்டு முடிந்ததும் ஒரு மனிதர் பேசுவார் என்பதுதான் வானொலியின் பலம். இவர் யார், எந்த ஊர், போன வாரம் எங்கே பாடினார், இந்த மெட்டை எந்தப் பழைய பாட்டிலிருந்து எடுத்தார், எல்லாம் இரண்டு வாக்கியத்தில் வந்துவிடும். பெயர் காதில் சரியாக விழவில்லை என்றாலும் பல நிலையங்களின் இணையதளத்தில் ஓடிய பாடல்களின் பட்டியல் இருக்கும்.

குறைகளும் உண்டு. லேபிளும் விளம்பர ஆளும் உள்ளவர்களின் ஆல்பம்தான் நிலையத்துக்கு முதலில் போய்ச் சேர்கிறது. அதனால் வானொலியில் நீங்கள் கேட்கும் ‘புது ஆள்’ பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது ஆல்பத்தில் இருப்பவர். பிடிக்காததைத் தள்ளிவிட முடியாது. வருடத்தில் சில வாரங்கள் பாட்டை நிறுத்தி நன்கொடை கேட்பார்கள். பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலர் மத்திய நிதியை அமெரிக்க நாடாளுமன்றம் 2025 ஜூலையில் திரும்பப் பெற்ற பிறகு அந்தக் குரலில் அவசரம் கூடியிருந்தால் குறை சொல்ல முடியாது. எரிச்சலாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பேண்ட்கேம்ப்

வானொலி தருவதை வாங்கிக்கொள்வது ஒரு ரகம், நாமே போய்த் தோண்டுவது இன்னொரு ரகம். தோண்டுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

பாடகரே தன் ஆல்பத்தை ஏற்றி, விலை வைத்து விற்கிறார். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், இசைத்தட்டு, சட்டை போன்ற பொருள்களில் 10 சதவீதம். பேபாலோ வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதியுள்ள கார்டோ இருந்தால் இங்கிருந்தே வாங்கலாம். சில ஆல்பங்களுக்கு நீங்களே விலை சொல்லலாம்.

தேடல் இரண்டு வகையில் நடக்கும். ஒன்று, குறிச்சொல். ‘ஃபோக்’ என்று போட்டால் கடலில் விழுந்தமாதிரிதான். இசை வகையோடு ஊரையும் சேர்த்துப் போடுங்கள்: ஓல்டு டைம் என்ற பழைய மலைநாட்டு இசையோடு ஆஷ்வில் என்றோ, லூசியானாவின் கேஜன் இசையோடு லஃபாயட் என்றோ. அந்த ஊரின் பாட்டுக்காரர்கள் வரிசையாக வருவார்கள். இரண்டாவதுதான் நுட்பம். ஒவ்வொரு ஆல்பத்தின் பக்கத்திலும் அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் அந்த ஆள் காசு கொடுத்து வாங்கிய மொத்தச் சேகரிப்பும் திறக்கும். உங்களுக்குப் பிடித்த யாருக்கும் தெரியாத இரண்டு ஆல்பங்களை ஒரே ஆள் வாங்கியிருக்கிறார் என்றால், அவர் வாங்கிய மூன்றாவதையும் கேளுங்கள். ஸ்பாட்டிஃபையின் அல்காரிதமும் தத்துவத்தில் இதைத்தான் செய்கிறது. ஆனால் சும்மா ஓடவிட்டதை வைத்து ஊகிப்பது வேறு, பையிலிருந்து பத்து டாலர் எடுத்துக் கொடுத்ததை வைத்துக் கணிப்பது வேறு.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலைனாவின் மலைப்பகுதியை அடித்துப் போட்டது. நிவாரணத்துக்காக அடுத்த மாதமே ‘கார்டினல்ஸ் அட் த விண்டோ’ என்ற தொகுப்பு பேண்ட்கேம்ப்பில் வந்தது. 130-க்கும் மேற்பட்ட பாடல்கள், பெரிய பெயர்களும் உள்ளூர் ஆட்களும் ஒன்றாக. இந்த மாதிரி நிதி திரட்டும் தொகுப்புகளைத் தவறவிடாதீர்கள். ஒரு வட்டாரத்தின் இசைக்காரர்கள் மொத்தமாக ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

கவலையும் இருக்கிறது. 2022 மார்ச்சில் எபிக் கேம்ஸ் இதை வாங்கியது, 2023-இல் சாங்ட்ரேடர் என்ற நிறுவனத்துக்குக் கைமாற்றியது, கைமாறிய கையோடு ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலையிழந்தார்கள். தளம் இன்னும் ஓடுகிறது. 2020 மார்ச் 20 அன்று பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’, அதாவது தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் வெள்ளிக்கிழமை, அதன் பிறகும் தொடர்ந்தது. ஆனாலும் நான் வாங்கியதை உடனே தரவிறக்கி வைத்துவிடுகிறேன்.

சோம்பேறிகளுக்கு இது ஒத்துவராது. ஒரு மாலை முழுக்கத் தோண்டி ஒன்றும் கிடைக்காமலும் போகலாம்.

யூடியூப் சேனல்கள்

கண்ணால் பார்த்து முடிவு செய்ய விரும்புபவர்களுக்கு. அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரின் டைனி டெஸ்க், அதாவது ஆபீஸ் மேஜைக் கச்சேரி, எல்லோருக்கும் தெரியும். அது பிறந்ததே ஒரு ஃபோக் பாடகியால் என்பது பலருக்குத் தெரியாது. 2008-இல் ஒரு மதுக்கூடத்தில் லாரா கிப்சன் பாடியது, கூட்டத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அதற்கு நீங்கள் எங்கள் ஆபீஸ் மேஜையிலேயே வந்து பாடலாம் என்று அங்கிருந்த என்பிஆர்காரர்கள் விளையாட்டாகச் சொன்னார்கள், அவரும் வந்து பாடினார். இப்போது அது எல்லா வகை நட்சத்திரங்களும் வரும் மேடை. புது ஃபோக் ஆளுக்காக அங்கே காத்திருக்க வேண்டாம். அவர்கள் நடத்தும் போட்டியைப் பார்க்கலாம். 2016-இல் வென்ற கேலின் லீ, மின்னசோட்டாவின் டுலூத்தைச் சேர்ந்த ஃபிடில் (வயலின்) கலைஞர். பிறவியிலேயே எலும்பு நலிவுள்ளவர், ஃபிடிலைச் செல்லோபோல நிறுத்தி வாசிப்பார். அந்தக் குரலை எந்த அல்காரிதமும் என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்காது.

சின்ன சேனல்களில்தான் உண்மையான வேட்டை. ஜெம்ஸ் ஆன் விஹெச்எஸ், வயோமிங்கின் லாரமியிலிருந்து வரும் வெஸ்டர்ன் ஏஎஃப், இவையெல்லாம் பாடகரைத் தெருவோரத்திலோ வயல்வெளியிலோ நிறுத்தி, ஒரே மூச்சில் பாடவைத்துப் பதிவு செய்கின்றன. ஸ்டுடியோ ஒப்பனை கிடையாது. ஆளால் பாட முடியுமா முடியாதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தெருவில் பாடித் திரிந்த மேற்கு வர்ஜீனியாக்காரி சியரா ஃபெரலைப் பலர் முதலில் பார்த்தது ஜெம்ஸ் ஆன் விஹெச்எஸ்ஸில்தான். 2021-இல் ரவுண்டர் லேபிளில் ஆல்பம் வந்தது, 2025-இல் ஒரே இரவில் நான்கு கிராமி வாங்கினார்.

அதே வகைச் சேனல்தான் ரேடியோ டபிள்யூவி. 2023 ஆகஸ்டில் அது ஏற்றிய ஒரே பாட்டால் வர்ஜீனியாவின் ஆலிவர் ஆன்டனி, அதுவரை எந்தத் தரவரிசையிலும் இல்லாதவர், அமெரிக்காவின் முக்கியப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு நடந்த அரசியல் கூச்சலில் பாட்டு காணாமல்போனது. யூடியூப்பின் கோளாறே இதுதான்: தட்டுவதும் தூக்குவதும் சண்டையும் எல்லாம் ஒரே பெட்டிக்குள். வீடியோவை மட்டும் பாருங்கள், அடியில் இருக்கும் கருத்துகளுக்குள் இறங்காதீர்கள்.

போட்டிப் பட்டியல்கள்

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. டெக்சஸில் 1972 முதல் நடக்கும் கெர்வில் ஃபோக் விழாவில் ‘நியூ ஃபோக்’ என்ற பாடலாசிரியர் போட்டி உண்டு. ஒவ்வொரு வருடமும் இறுதிச் சுற்றுக்காரர்களின் பெயர்களை வெளியிடுவார்கள். 1987-இல் வென்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மெக்மர்ட்ரி. 2003-இல் அனாயிஸ் மிட்செல்; அவருடைய ஃபோக் ஆபரா ‘ஹேட்ஸ்டவுன்’ 2019-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை ஏறி டோனி விருது வாங்கியபோதுதான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. அந்தப் பட்டியலைப் பார்த்தவர்கள் 16 வருடம் முன்னாலேயே கேட்டிருப்பார்கள். நோ டிப்ரஷன் போன்ற பத்திரிகைகளும் நல்லவைதான், ஆனால் விமர்சனம் படித்துப் பாட்டைக் கற்பனை செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

ஆக, நேரம் இல்லாதவர் இரவில் டபிள்யூடிவிஎக்ஸைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். தோண்டும் ஆசை உள்ளவருக்குப் பேண்ட்கேம்ப். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் இந்த வருடத்து நியூ ஃபோக் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் முதலில் யூடியூப்பில் ஒரு பாட்டு பாருங்கள், பிடித்தால் பேண்ட்கேம்ப்பில் ஆல்பத்தை முழுக்கக் கேளுங்கள், அப்புறம் அதை வாங்கியவர்களின் படங்களைத் தட்டத் தொடங்குங்கள். ஸ்பாட்டிஃபை சந்தாவை ரத்து செய்ய வேண்டியதில்லை, பேருந்தில் போகும்போது தேவைப்படும்.