விட்டுக்கொடுக்காமல் ஆடலாம்: ஊனோ சீட்டுக்கட்டு

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டால் தாத்தாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். மகளும் மருமகனும் காலையில் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். அதுவரை மூன்று பேரப்பிள்ளைகளும் என் பொறுப்பு. பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, நடுவிலவனுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. ஒரே வயதுப் பிள்ளைகள் என்றால் எதையாவது கொடுத்து உட்கார வைத்துவிடலாம். இங்கே பெரியவளுக்குப் பிடித்தது சின்னவளுக்குப் புரியாது; சின்னவளுக்குப் பிடித்ததைப் பார்த்தாலே பெரியவளுக்குக் கொட்டாவி வரும்.

எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்த பொருள் ஒன்று உண்டென்றால் அது ஊனோ சீட்டுக்கட்டுதான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். என் கணக்கில் அதன் பெரிய குணம் ஒன்றே ஒன்று. அதில் பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்க வேண்டியதில்லை.

பிள்ளைகளோடு விளையாடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். செஸ் என்றால் ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு 'அடடா, கவனிக்கலையே' என்று நடிக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கே அந்த நடிப்பு தெரிந்துவிடுகிறது. 'தாத்தா, ஒழுங்கா ஆடுங்க' என்று முறைக்கும். நிஜமாகவே ஒழுங்காக ஆடினால் அழும். பாம்பும் ஏணியும் இதற்கு நேர் எதிர். பகடை சொல்வதுதான் சட்டம், யாருக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது ஊனோ. முக்கால்வாசி அதிர்ஷ்டம், கால்வாசி சாமர்த்தியம். நான் முழு மூச்சாக ஆடினாலும் சின்னவள் என்னைத் தோற்கடிப்பாள். அடுத்த ஆட்டத்தில் நான் அவளைத் தோற்கடித்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். ஒரு ஆட்டம் சட்டென்று முடிந்துவிடுவதால் அழுவதற்கு நேரமும் கிடைக்காது, அதற்குள் அடுத்த கட்டைப் பிரித்துவிடுவோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிறம். ஒவ்வொன்றிலும் 25 சீட்டு: பூஜ்யம் ஒன்று, ஒன்று முதல் ஒன்பது வரை இரண்டிரண்டு, அதோடு ஸ்கிப் (அடுத்தவர் முறை போய்விடும்), ரிவர்ஸ் (ஆட்டம் சுற்றும் திசை மாறும்), ப்ளஸ் டூ (அடுத்தவர் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும்) இரண்டிரண்டு. ஆக நூறு. இதோடு நிறமில்லாத வைல்டு (போட்டவர் விரும்பிய நிறத்தைச் சொல்லலாம்) நான்கும், வைல்டு ப்ளஸ் ஃபோர் (நிறம் சொல்வதோடு அடுத்தவரை நான்கு சீட்டு எடுக்க வைக்கும்) நான்கும் சேர்த்தால் 108. (இப்போது வரும் சில பெட்டிகளில் கூடுதல் வைல்டு சீட்டுகளோடு 112 இருக்கும்.) ஆளுக்கு ஏழு சீட்டு; கையிலிருப்பதை முதலில் இறக்கி முடித்தவர் வெற்றி. நடுவில் கிடக்கும் சீட்டின் நிறமோ எண்ணோ பொருந்துவதை இறக்க வேண்டும். இல்லையென்றால் கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். கையில் ஒரே சீட்டு மிஞ்சும்போது 'ஊனோ' என்று சொல்லியாக வேண்டும். சொல்ல மறந்ததை அடுத்தவர் ஆடத் தொடங்குமுன் யாராவது கண்டுபிடித்துவிட்டால் இரண்டு சீட்டு அபராதம். பெட்டியில் ஏழு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. எண்ணும் நிறமும் தெரிந்தால் ஆறிலேயே ஆடலாம். ப்ளஸ் ஃபோரின் சட்டத்தை மட்டும் அந்த வயதுக்குத் தளர்த்திவிடுங்கள்.

அந்தப் ப்ளஸ் ஃபோருக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டுச் சண்டையில் பாதி அதனால்தான். பலருக்கும் அதன் சட்டம் முழுதாகத் தெரியாது. நடுவில் இருக்கும் நிறம் உங்கள் கையில் ஒன்றுகூட இல்லாதபோதுதான் அதை இறக்கலாம். இருந்தும் இறக்கினால் அழுகுணி ஆட்டம். ஆனால் அழுகுணிக்கும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அழகு. அடுத்து ஆட வேண்டியவருக்குச் சந்தேகம் வந்தால் சவால் விடலாம். இறக்கியவர் தன் சீட்டுகளை அவருக்குக் காட்ட வேண்டும். பொய் என்றால் அந்த நான்கு சீட்டும் இறக்கியவர் தலையில். உண்மை என்றால் சவால் விட்டவர் ஆறு எடுக்க வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு நடுவிலவன் ஆடும் விதமே மாறிப்போனது. அதற்கு முன் ப்ளஸ் ஃபோர் கைக்கு வந்தால் அவன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். இப்போது சீட்டை மெதுவாக வைத்துவிட்டுத் தரையில் கோலம் போடுகிறவன் மாதிரி விரலால் தேய்த்துக்கொண்டிருப்பான். பெரியவள் அவன் காதைத்தான் பார்ப்பாள். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. அவன் அதைத் தெரிந்துகொண்டு காதைப் பொத்திக்கொண்டு ஆடத் தொடங்கினான். கையில் சீட்டு வைத்துக்கொண்டு இரண்டு காதையும் பொத்துவது எப்படி என்று கேட்காதீர்கள், தோளைத் தூக்கிச் சமாளிப்பான்.

இன்னொரு நிரந்தர வழக்கு, ப்ளஸ் டூ மேல் ப்ளஸ் டூ போடலாமா என்பது. உலகம் முழுக்க வீடுகளில் அடுக்கிக்கொண்டே போகிறார்கள்: இரண்டு, நான்கு, ஆறு என்று கடைசியில் மாட்டுகிறவர் மொத்தத்தையும் எடுக்க வேண்டும். அதிகாரபூர்வ சட்டத்தில் இது கிடையாது. 2019இல் ஊனோ நிறுவனமே ட்விட்டரில் இதைத் தெளிவாகச் சொன்னபோது, 'எங்கள் வீட்டில் நாங்கள் இப்படித்தான் ஆடுவோம்' என்று ஆட்டக்காரர்கள்தான் நிறுவனத்தோடு சண்டைக்குப் போனார்கள். என் தீர்ப்பு: முதல் சீட்டு இறங்குமுன் எந்தச் சட்டம் என்று முடிவு செய்து, பெரியவளைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். நடுவில் மாற்றக் கூடாது. எங்கள் தாளில் 'தாத்தாவும் சேர்த்துத்தான்' என்று ஒரு வரி இருக்கிறது. அது எதற்கு என்று நான் விளக்கப்போவதில்லை.

சட்டச் சண்டை இந்த ஆட்டத்தின் பிறவிக்குணம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ரெடிங் என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் என்பவர், கிரேஸி எய்ட்ஸ் என்ற சீட்டாட்டத்தின் சட்டத்தைப் பற்றி மகனோடு வாதாடப்போய், அதிலிருந்து 1971இல் உருவாக்கியதுதான் ஊனோ. குடும்பமாகப் பணம் போட்டு 5,000 கட்டு அச்சடித்து, முதலில் தன் கடையிலேயே வைத்து விற்றார். முடிவெட்ட வந்தவர்கள் சீட்டுக்கட்டோடு போயிருக்கிறார்கள். பிறகு உரிமை கைமாறி, 1992 முதல் மட்டேல் நிறுவனத்திடம் இருக்கிறது.

இனி என் சொந்த விஷயம். எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. வேலையில் சேருமுன் மருத்துவப் பரிசோதனையில் நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் ஓரளவு சமாளிப்பேன். சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு ஊனோவின் சிவப்பு ஏழும் பச்சை ஏழும் எனக்கு ஒரே சாயல்தான். சிவப்பின் மேல் பச்சையைத் தைரியமாக இறக்குவேன். 'தாத்தா, அது பச்சை!' என்று மூன்று குரல் ஒன்றாகக் கிளம்பும். சின்னவள் கொஞ்ச நாள் நான் ஏமாற்றுகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

மகள்தான் தேடி, கலர்ஆட் குறியீடு போட்ட ஊனோவை வாங்கி வந்தாள். 2017இல் வெளிவந்த பதிப்பு. போர்ச்சுகல் நாட்டு வடிவமைப்பாளர் மிகெல் நெய்வா உருவாக்கிய குறியீட்டு முறை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு வடிவம். அதில் எனக்குப் பிடித்த நுணுக்கம், பச்சைக்கென்று தனி வடிவம் இல்லை. நீலத்தின் வடிவத்தையும் மஞ்சளின் கோட்டையும் சேர்த்து வைத்தால் பச்சை. வண்ணக் குழம்பில் நடப்பதையே குறியீட்டிலும் செய்திருக்கிறார்கள். சின்னவள் இதைக் கண்டுபிடித்ததும் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்த் தன் வண்ணப் பெட்டியில் நீலத்தையும் மஞ்சளையும் குழைத்துப் பார்த்துவிட்டு, விரலெல்லாம் பச்சையாகத் திரும்பி வந்து, 'சரியாத்தான் போட்டிருக்காங்க' என்று சான்றிதழ் கொடுத்தாள். அந்த விரலோடு சீட்டைத் தொட விடவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது நிறம் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் இருந்தால் இந்தப் பதிப்பையே வாங்குங்கள். யாருக்கும் இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது என்பதால் ஆண்களிடம்தான் அதிகம். தாத்தாவிடமிருந்து மகள் சுமந்து, மகள் வயிற்றுப் பேரனுக்குப் போகும். மகளின் பார்வையில் பொதுவாகக் குறை எதுவும் இருக்காது. பேரனுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. எங்கள் நடுவிலவன் தப்பித்தான். ஒரு பிள்ளை அடிக்கடி நிறம் மாற்றிப் போட்டால் திட்டுவதற்கு முன் ஒரு கண் மருத்துவரிடம் காட்டலாம்.

குறை இல்லாமல் இல்லை. கை ஓயாமல் சீட்டு ஏறிக்கொண்டே போகும்போது ஆட்டம் சவ்வாக இழுக்கும். நான்கு பேருக்குமேல் உட்கார்ந்தால் ஒரு பிள்ளைக்கு முறை வருவதற்குள் அது ஜன்னலுக்குப் போய் எட்டிப்பார்த்துவிட்டு வரும். ரிவர்ஸும் ஸ்கிப்பும் சேர்ந்து ஒரே ஆளை மாற்றி மாற்றி அடிக்கும் சந்தர்ப்பங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு மனம் உடைந்துவிடும். பத்துப் பேர் வரை ஆடலாம் என்கிறார்கள். ஆடலாம்தான், ஆனால் மூன்று அல்லது நான்கு பேர் என்பதே சரியான அளவு. இரண்டே பேர் என்றால் ரிவர்ஸும் ஸ்கிப் போலவே வேலை செய்யும், போட்டவரே மறுபடி ஆடலாம். அதுவும் சூடாகத்தான் இருக்கும்.

மதியம் நீளமாகக் கிடக்கிறது என்றால் மதிப்பெண் போட்டு ஆடுங்கள். ஜெயித்தவருக்கு மற்றவர்கள் கையில் மிஞ்சிய சீட்டுகளின் மதிப்பு சேரும். எண் சீட்டுக்கு அதன் எண், ஸ்கிப் வகையறாவுக்கு 20, வைல்டு இரண்டுக்கும் 50. முதலில் 500 எட்டியவர் வெற்றி. கூட்டல் வேலையை நடுவிலவனிடம் விட்டுவிட்டேன். கணக்கு நோட்டைக் கண்டால் ஓடுகிறவன், தன் மதிப்பெண் என்றால் ஒன்றுகூடக் குறையாமல் கூட்டுகிறான். அக்காவின் கூட்டலில் தப்பு கண்டுபிடிப்பதில் அவனுக்குத் தனி சந்தோஷம்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். இதைப் போலவே நிறமும் எண்ணும் போட்ட போலிக் கட்டுகள் ஏராளம். எங்களிடம் முதலில் இருந்தது அப்படி ஒன்றுதான். பின்பக்க அச்சு சற்று விலகியிருந்ததால் ஒரு ப்ளஸ் ஃபோர் சீட்டுக்கு மட்டும் இடது ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. பெரியவளுக்கு அது யார் கையில் இருக்கிறது என்று எப்போதும் தெரியும். அதை அவள் வெகு காலம் யாருக்கும் சொல்லவில்லை. சீட்டுகளைப் புரட்டிப் போட்டுப் பின்பக்கம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கலைப்பதுதான் சின்னக் கைகளுக்கு முடியாத காரியம். 108 சீட்டையும் ஒரே பிடியில் பிடிக்கவே வராது. தரையில் கவிழ்த்துப் பரப்பி எல்லாருமாகக் கையால் துழாவிக் கலைத்துவிட்டு அடுக்கினால் போதும். எங்கள் கடைக்குட்டிக்கு ஆட்டத்தைவிட அதுதான் பிடிக்கும். மின்விசிறியை மட்டும் அந்த நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.