6,400 ரூபாயும் இரண்டு கோழிகளும் போயின: கோழி மருத்துவம் என்று விற்கும் செயலிகளிடம் ஏமாறாதீர்கள்

முந்தாநாள் மாலை செவலை செத்துப்போனது. அதற்கு ஒன்பது நாள் முன்பு பொட்டுக்காரி. இரண்டும் நாலரை மாதப் பெட்டைகள், முட்டைக்கு வரவேண்டிய பருவம். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். பெங்களூரில் கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடியிலோ கோழி வளர்க்கும் யாரும் என்னைப்போல் 6,400 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்தரை உண்டு. அங்கே ஏழு கிரிராஜா கோழிகள் வளர்த்தேன். தொடர்மழையில் கூண்டுத் தரையில் போட்டிருந்த உமி நனைந்து கட்டிதட்டியது. அதை உடனே அள்ளிப்போடாதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாரத்தில் செவலை சிறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றது. கொண்டை வெளுத்தது. எச்சம் தண்ணீராக, துருநிறச் சளியோடு வந்தது. தூக்கினால் பஞ்சுபோல் கனமே இல்லை.

கைப்பேசியில் தேடியபோது, வளர்ப்புப் பறவைகளுக்கு வீடியோ அழைப்பில் மருத்துவ ஆலோசனை தருவதாகச் சொல்லும் ஒரு செயலி கண்ணில் பட்டது. கட்டணம் 1,200 ரூபாய். அழைப்பில் வந்தவர் தமிழில் பேசினார். கன்னடத்திலும் இந்தியிலும் தட்டுத்தடுமாறியே வேலைகளை முடிக்கும் எனக்கு அதிலேயே பாதி மனம் இளகிவிட்டது. "கோழியை மடியில் வைத்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள் அக்கா. கத்திமுனைபோல் துருத்துகிறதா?" என்று கேட்டார். துருத்தியது. "காலையில் தீனி போடும் முன் கழுத்தடியில் இரைப்பை காலியாக இருக்கிறதா, களிமண் உருண்டைபோல் கெட்டியாக இருக்கிறதா?" என்றார். காலியாகத்தான் இருந்தது.

வாணியம்பாடியில் என் பாட்டி கோழி வாங்கும்போது செய்வதும் இதுதான். நெஞ்சைத் தடவி, இரைப்பையை இரண்டு விரலால் அழுத்திப் பார்க்காமல் காசு கொடுக்கமாட்டார். பாட்டியின் கேள்விகளையே ஒருவர் கேட்டபோது, விஷயம் தெரிந்தவர் என்று முழுதாக நம்பினேன். எச்சத்தைச் சோதிக்க வேண்டாமா என்று கேட்டேன். "எதற்கு அக்கா அலைச்சல்? இது குடல்புழுதான். பத்து நாளில் எடை கூடும், நான் பொறுப்பு" என்றார். அந்த "நான் பொறுப்பு" இன்னும் காதில் ஒலிக்கிறது. அழைப்பு முடிவதற்குள் 5,200 ரூபாய்க்கு மருந்துப் பெட்டி வாங்கும்படி செயலியிலேயே செய்தி வந்தது. கட்டினேன். ஆக மொத்தம் 6,400 ரூபாய்.

பெட்டியில் புழு மருந்து, ஈரல் டானிக், எடை கூட்டும் பொடி என்று மூன்று இருந்தன. பொடி பொரிகடலை மாவுபோல் மணத்தது. எதிலும் தயாரித்த தேதி இல்லை, தொகுதி எண் இல்லை, உரிம எண் இல்லை. அதைப் பார்த்த பிறகும் சொன்ன அளவில் கொடுத்தேன். ஆறாம் நாள் பொட்டுக்காரி செத்துக் கிடந்தது. புகைப்படம் அனுப்பிக் கேட்டால், "உடனே சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள், மருந்தைத் தொடருங்கள்" என்று பதில் வந்தது. புதைத்தேன்.

அதன்பின் அவர் அழைப்பை எடுக்கவே இல்லை. வாடிக்கையாளர் சேவையில் ஒரு பெண் 24 மணி நேரம் பொறுக்கச் சொன்னார். மறுநாள் வேறொருவர், எச்சத்தின் படம் தெளிவாக இல்லை என்றார். மூன்றாமவர், மருந்தைத் தண்ணீரில் கலந்த நேரம் தவறு என்றார். நான்காம் நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. என்ன தீர்ந்தது? என் 6,400 ரூபாய் தீர்ந்தது.

செவலை செத்ததும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, நேற்றுக் காலையிலேயே ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். கிரிராஜா இனத்தை உருவாக்கியதே அந்தக் கல்லூரிதான். நாகவாரா வழியாகப் போனால் அரை மணி நேரம். முதல் நாளே அங்கே போயிருக்க வேண்டிய நான் செயலியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்த மருத்துவர் வயிற்றைத் திறந்து காட்டினார். சிறுகுடலின் நடுப்பகுதி பலூன்போல் உப்பியிருந்தது. வெளிச்சுவரில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவியதுபோல் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள், உள்ளே ரத்தம் கலந்த சளி. ரத்தக் கழிச்சல் என்றார். ஐமீரியா என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் குடற்சுவரை அரித்துவிடுவதால், தின்ற தீனி உடம்பில் ஒட்டுவதில்லை. அதனால்தான் அந்த மெலிவு. அதன் முட்டைகள் எச்சத்தில் வெளியேறி, ஈர உமியில் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். குடல்புழு வேறு, இது வேறு. புழு மருந்து இதைத் தொடவே தொடாது. அதாவது, அந்த மருந்து கலப்படமே இல்லாத நல்ல மருந்தாக இருந்திருந்தாலும் செவலை பிழைத்திருக்காது.

மீதி ஐந்துக்கும் குடிதண்ணீரில் கலக்க ஆம்ப்ரோலியம் எழுதிக் கொடுத்தார். எல்லாச் செலவும் சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை.

எல்லாவற்றையும் விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். எச்சத்தை நுண்ணோக்கியில் பார்க்காமல் "புழுதான்" என்று சொல்பவருக்குப் பணம் கட்டாதீர்கள். செத்த கோழியை அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள், உறையவும் வைக்காதீர்கள். பனிக்கட்டியோடு அன்றோ மறுநாளோ பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். ஈர உமியை அன்றே அள்ளுங்கள். தேதி இல்லாத மருந்து புட்டியைத் திறக்காமல் படம் எடுத்து வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். 6,400 ரூபாய் வருமா தெரியாது. மருந்துத் தண்ணீர் மாற்றும் நேரமாகிவிட்டது. கறுப்பி இன்னும் மூலையில்தான் நிற்கிறது.