குடகா, கோத்தகிரியா, கொல்லிமலையா? பெங்களூரிலிருந்து பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஒரு மலைப் பயணம்

மலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தவுடன் சென்னைச் சொந்தக்காரர்கள் ஒரு பட்டியல் அனுப்புவார்கள். ஏலகிரி, ஏற்காடு என்று அது தொடங்கும். அவர்களுக்கு அது சரி. கடல் மட்டத்திலிருந்து கிளம்பி 1,100 மீட்டர் ஏறினால் உடம்புக்கே வித்தியாசம் தெரியும். பெங்களூரில் இருக்கும் நாமோ ஏற்கெனவே 900 மீட்டருக்கு மேல் குடியிருக்கிறோம். அல்சூரில் வண்டி எடுத்து, ஓசூர், கிருஷ்ணகிரி என்று வெயிலுக்குள் இறங்கி, மறுபடி 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரி போய்ச் சேர்ந்தால், கிடைப்பது கிட்டத்தட்ட அல்சூர் ஏரிக்கரைக் காற்றுதான். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சத்தமாகப் படித்துக்கொண்டே ஏறலாம். அதற்காக ஒரு நாள் போய் வரலாம், விடுமுறையைக் கொடுக்க வேண்டாம்.

ஏற்காடு இன்னும் உயரம், சுமார் 1,500 மீட்டர், குளிரும். ஆனால் சனி ஞாயிறு என்றால் ஏரியைச் சுற்றி வண்டி நிறுத்தவே அரை மணி நேரம் ஆகும். கிராமம் வேண்டும் என்று போகிறவருக்கு அது ஊர் இல்லை.

ஆகவே மிச்சம் மூன்று: குடகில் கக்கபே பக்கம், நீலகிரியில் கோத்தகிரி, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. மூன்றையும் ஒரே குடும்பத்தை மனதில் வைத்து அளக்கிறேன். முழங்கால் வலியுள்ள பாட்டி, வளைவு கண்டால் வாந்தி எடுக்கும் ஆறு வயதுப் பிள்ளை, சிக்னல் இல்லாவிட்டால் முகம் தூக்கும் பத்தாம் வகுப்பு, நான்கு நாளாவது அடுப்பு பக்கம் போகக்கூடாது என்று நினைக்கும் அம்மா. மூன்று இரவு, ஒரே வீடு. இரவுக்கு ஒரு ஊர் என்று பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் பயணத்தை நான் விடுமுறைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வண்டிக்குள் கழியும் நேரம்

இதில் குடகு முந்துகிறது, காரணம் தூரம் அல்ல. மூன்றுமே பெங்களூரிலிருந்து 250 முதல் 300 கிலோமீட்டருக்குள்தான். வித்தியாசம் ஏற்றத்தில். மைசூர் வரை விரைவுச் சாலை, அப்புறம் ஹுன்சூர், கோணிக்கொப்பல், விராஜ்பேட்டை. நிலம் தெரியாமல் மெல்ல உயர்ந்துகொண்டே போகிறது. மடிக்கேரியே சுமார் 1,150 மீட்டர்தான். பெங்களூரிலிருந்து பார்த்தால் கணக்கில் பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை. விராஜ்பேட்டைக்குப் பிறகு சாலை குறுகி வளையும், ஆனால் வயிற்றைப் புரட்டும் வளைவுகள் அல்ல. ஆறேழு மணி நேரத்தில், நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தி, போய்விடலாம்.

கொல்லிமலை இதற்கு நேர் எதிர். சேலம் வரை நான்குவழிச் சாலையில் சுகமாகப் போவீர்கள், தொப்பூர் இறக்கத்தில் மட்டும் லாரிகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சேலம் வந்துவிட்டால் நீங்கள் பெங்களூரைவிட 600 மீட்டருக்கு மேல் கீழே நிற்கிறீர்கள். இறங்கியதையெல்லாம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து திரும்ப ஏற வேண்டும், அதுவும் 70 கொண்டை ஊசி வளைவுகளில். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே போகிறவருக்குக் கொண்டாட்டம், பின் இருக்கையில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இல்லை. முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம், அதில் வளைவு குறைவு. எப்படியானாலும் வெறும் வயிற்றிலோ நிரம்பிய வயிற்றிலோ ஏறாமல், அடிவாரத்தில் அரை மணி நேரம் நின்று, இரண்டு இட்லியோடு ஏறுவது நல்லது.

கோத்தகிரிக்கு வழிகள் உண்டு, வழிக்கொரு தொந்தரவும் உண்டு. மைசூர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், கூடலூர், ஊட்டி என்று போனால் யானையும் மானும் பார்க்கலாம். ஆனால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், வார இறுதியில் ஊட்டியைக் கடப்பதற்குள் பொறுமை தீரும். சாமராஜநகர், ஆசனூர், திம்பம் வழியாகப் போனால் ஊட்டி நெரிசல் இல்லை. பதிலுக்கு 27 வளைவுகள் இறங்கி, மேட்டுப்பாளையம் போய், மீண்டும் ஏற வேண்டும். அங்கும் இரவில் தடை. இவற்றோடு 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ். 2025 ஏப்ரலில் அதற்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கோடை விடுமுறையில் கடைசி நேரத்தில் கிளம்பலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இவ்வளவுக்கும் ஒரு மாற்று இருக்கிறது, வண்டி ஓட்டுவதையே பெருமையாக நினைக்கும் நம் வீட்டு ஆண்கள் அதைக் காதில் வாங்குவதில்லை: ரயில். பெங்களூரிலிருந்து கோவைக்குப் பகலில் ஆறேழு மணி நேரம். பாட்டி காலை நீட்டிக்கொள்ளலாம், பிள்ளை நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. கோவையில் இரவு தங்கி, காலையில் வாடகை வண்டி வைத்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். கோவைப் பதிவு வண்டி என்பதால் மாநில எல்லை வரிப் பேச்சும் இல்லை. இ-பாஸ் பற்றி மட்டும் ஓட்டுநரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அரசுப் பேருந்தில் ஏறினால் அதுவும் தேவையில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போகலாமே என்று யாராவது கேட்பார்கள். அது கோத்தகிரிக்குப் போகாது. குன்னூரில் இறங்கி இருபது கிலோமீட்டர் சாலையில் வர வேண்டும். காலை ஏழு மணிவாக்கில் ஒரே வண்டி, டிக்கெட் வெகு முன்பே தீர்ந்துவிடும். கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அதை நம்பி மற்றதைத் திட்டமிடாதீர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடினால் நாள்கணக்கில் ஓடாது.

எந்த மாதம், எந்த மலை

இதைப் பார்க்காமல் பதிவு செய்பவர்கள்தான் அதிகம். குடகு மேற்கு மலைச் சரிவு, தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் இடம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கக்கபேயில் கொட்டும். பச்சை பச்சையாக இருக்கும், உண்மை; அட்டையும் இருக்கும், மின்சாரம் இருக்காது. 2018 ஆகஸ்டில் அங்கே நிலம் சரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். முதியவர்களை வைத்துக்கொண்டு ஆகஸ்ட் 15 நீள்விடுமுறையில் குடகுக்குப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோத்தகிரியோ நீலகிரியின் கிழக்கு ஓரம். தென்மேற்கு மழையை மேற்கே உள்ள மலைகள் வாங்கிக்கொள்ளும், கோத்தகிரிக்குத் தூறலும் மேகமும்தான் வந்து சேரும். அதனால் ஆகஸ்டில் போக ஏற்ற ஊர் அது. ஆனால் வடகிழக்குப் பருவமழை அங்கேதான் இறங்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட பெரிய நிலச்சரிவுகள் அந்த மழையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியைத் தவிர்த்துவிட்டு, குடகுக்குப் போகலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஐப்பசி பிறக்கும் நாளில் தலைக்காவேரியில் தீர்த்தம் பொங்கும் விழா. பாட்டிக்கு அந்த நாள்தான் வேண்டும் என்றால் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்; வேறு நாளில் போனால் குளத்தருகே நின்று நிதானமாகக் கும்பிடலாம். அதேபோல் தசரா விடுமுறை: நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுவதும் மைசூரில் ஊரே கூடுவதும் ஒரே வாரம். குடகுப் பாதை மைசூர் வழியாகத்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கொல்லிமலைக்கு டிசம்பர், ஜனவரி நன்று. பலாப்பழத்துக்காகப் போகிறவர்கள் மே, ஜூனில் போவார்கள், அது வேறு கட்சி.

வீடும் சாப்பாடும்

குடகில் விருந்தினரை வீட்டில் தங்கவைப்பது பழகிப்போன தொழில். காபித் தோட்டத்துக்கு நடுவே ஓட்டு வீடு, திண்ணை, தலைக்கு இவ்வளவு என்று உணவோடு சேர்த்து வாடகை. அம்மா உண்மையிலேயே ஓய்வெடுப்பது இங்கேதான். நூப்புட்டு நம் இடியாப்பத்துக்கு அக்கா முறை, கடம்புட்டு அரிசி ரவையில் பிடித்த உருண்டைக் கொழுக்கட்டை, அக்கி ரொட்டி. அசைவக்காரர்களுக்குக் கச்சம்புளி என்ற குடகுப் பழப்புளிச் சாறு ஊற்றிய பன்றிக்கறி. சைவம் என்றால் பதிவின்போதே அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உருளைக்கிழங்குப் பொரியலோடு மூன்று நாள் ஓட்டிவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் காபிப் பழம் பறிப்பதையும் களத்தில் காய்வதையும் பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தவுடன் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும், வாசனை மல்லிகையை ஒத்திருக்கும். நாள் குறித்துப் போக முடியாது, மழை வைத்த நாள்தான்.

பணம் அதிகம் ஆகும், மறைப்பதற்கில்லை. இன்னொரு குறை, பெங்களூர் அலுவலகக் குழுக்கள். வெள்ளிக்கிழமை இரவு பத்துப் பேர் ஒலிபெருக்கியோடு பக்கத்து அறைக்கு வந்தால் திண்ணையின் அமைதி போயிற்று. அதனால் தொலைபேசியில் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள்: அந்த நாள்களில் வேறு குழு வருகிறதா, நம் வண்டி வாசல் வரை வருமா அல்லது கடைசி ஒரு கிலோமீட்டர் ஜீப்பா, அறைக்கு எத்தனை படி, மேற்கத்திய கழிப்பறையா, இரவில் மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு. ஜீப் என்றால் பாட்டியின் முதுகை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கோத்தகிரியில் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஓரமாகத் தனி வீடாகக் கொடுப்பார்கள். சமையல்காரர் உண்டா என்று கேட்காவிட்டால் அம்மா அங்கேயும் அடுப்பு முன்தான் நிற்பார். ஊர் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர், பெங்களூரைவிட ஐந்து டிகிரியாவது குறையும். மூன்றில் உண்மையான குளிர் இங்கேதான். பாட்டிக்கு வெந்நீர், கம்பளி, காதுக்குத் துணி. மளிகை, மருந்துக்கடை, மருத்துவமனை எல்லாம் ஊருக்குள்ளேயே, சிக்னலும் கிடைக்கும், பத்தாம் வகுப்பு சமாதானம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. எவர்சில்வர் பாட்டிலை எடுத்துவையுங்கள்.

சுற்றிப் பார்க்க அங்கே அதிகம் இல்லாததே எனக்குப் பிடித்த விஷயம். கோடநாடு காட்சிமுனையிலிருந்து கீழே மாயாறும் தெங்குமரஹாடாவும் தெரியும், வண்டியிலிருந்து சில அடிதான் நடை. கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் கட்டிய சிவப்பு பங்களா. ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் முதலில் தங்கியது இங்கே. இரண்டுக்கும் அரை நாள். மிச்ச நேரம் ஹட்டி எனப்படும் படகர் சிற்றூர்களின் வழியே மாலை நடை. அப்புறம், இங்கே எல்லோருக்கும் தமிழ் தெரியும். குடகில் நாம் மொழிபெயர்த்தால்தான் பாட்டிக்குப் பேச்சு. கோத்தகிரியில் அவர் காய்கறி விற்கும் அம்மாவிடம் பத்து நிமிடத்தில் பேரன் பேத்தி விவரம்வரை போய்விடுவார். பாட்டிமாரின் விடுமுறையில் பாதி அதுதான்.

கொல்லிமலையிலும் தமிழ்தான், அதுவும் செலவில்லாத தமிழ். மூன்றிலும் மலிவு, மூன்றிலும் கிராமம் கிராமமாகவே இருப்பதும் இங்கேதான். சோளக்காட்டுச் சந்தையில் வாழை, அன்னாசி, மிளகு. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்ற கதையைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அறப்பளீஸ்வரர் கோயில் வரை பாட்டி வரலாம். அங்கிருந்து ஆகாயகங்கைக்கு ஆயிரம் படிகளுக்கு மேல். இறங்குவது அல்ல, ஏறுவதுதான் வினை. வழியெங்கும் முழங்காலுக்கு நல்லது என்று முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். அதைக் குடித்துவிட்டுப் பாட்டி மேலேயே உட்கார்ந்திருக்கட்டும். தங்குமிடங்கள் எளிமையானவை, அறையைக் காட்டும் படத்துக்கும் நேரில் பார்ப்பதற்கும் தூரம் அதிகம். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் மலை இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். நெஞ்சுவலி வந்து மருந்து சாப்பிடும் பெரியவர் வீட்டில் இருந்தால் இது ஒன்றே போதும், கொல்லிமலையை விட்டுவிடலாம். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டி, பாட்டி வராத பயணம் என்றால் என் ஓட்டு முதலில் கொல்லிமலைக்குத்தான்.

முழுக் குடும்பமும் என்றால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை குடகு, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ரயிலேறிக் கோத்தகிரி. மே மாதம் நீலகிரி பக்கமே போக வேண்டாம். அந்த மாதம் ஒரு வாரம் விடுப்பு கிடைத்தால் உடுமலை, சின்னாறு வழியாக மறையூர், காந்தளூர் போகலாம். கேரள மண், ஆனால் பேச்சு தமிழ். பூண்டு, வெல்லம், கல்திட்டை, மழைமறைவுப் பிரதேசம். பெங்களூரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் மூன்று இரவுக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

திரும்பும் நாளையும் இப்போதே யோசித்துவிடுங்கள். கொல்லிமலையிலிருந்து ஞாயிறு மாலை வந்தால் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியிலிருந்து சில்க் போர்டு வரை ஊர்ந்து வர வேண்டும். குடகிலிருந்து வந்தால் அதே கூட்டம் கெங்கேரியில் காத்திருக்கும். வியாழன் கிளம்பி ஞாயிறு மதியத்துக்குள் வீடு சேர்கிற மாதிரி பதிவு செய்தால், வியாழன் இரவு வாடகையும் குறைவு.