டிரெயில் பாஸ் பாட்டிலில் வேறு பவுடர்: 380 டாலர் போச்சு, யாரும் ஏமாறாதீர்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆள் அதே சரக்கை இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறான்.

நான்கு பாட்டில் டிரெயில் பாஸ், அதாவது தோட்டாவில் அடைக்கும் வெடிமருந்துப் பவுடர், என்று சொல்லி என்னிடம் 380 டாலர் வாங்கினான். வந்ததோ டிரெயில் பாஸ் பாட்டில், உள்ளே வேறு ஏதோ பவுடர். காசு போனது ஒரு பக்கம். லேபிளை நம்பி அதை ஏற்றியிருந்தால் என் மனைவி கையில் ரிவால்வர் வெடித்திருக்கும். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களில் ரீலோடிங் (தோட்டாவை வீட்டிலேயே ஏற்றுவது) செய்பவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். லேசான தோட்டாவுக்குப் பவுடர் எப்படித் தேர்ந்தெடுப்பது, வாங்கும்போது என்னென்ன பார்ப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

நாங்கள் டெக்ஸாஸில் இருக்கிறோம். ரேஞ்சுக்குப் போய்க் குறி பார்த்துச் சுடுவது என்னைவிட என் மனைவிக்குத்தான் அதிக இஷ்டம். மணிக்கட்டில் அறுவை சிகிச்சை ஆன பிறகு கடையில் விற்கும் .38 ஸ்பெஷல் தோட்டாவின் உதைப்பைக்கூட அவளால் தாங்க முடியவில்லை. அதனால் குறைந்த வேகத்தில் போகும் லேசான தோட்டாவை நானே ஏற்றிக் கொடுக்கிறேன். ரிவால்வரில் இது ஒரு வசதி. பிஸ்டலில் மாதிரி ஸ்லைடைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற விசை வேண்டும் என்கிற கட்டாயம் ரிவால்வரில் கிடையாது, விரலால் ட்ரிகரை இழுத்தால் உருளை சுற்றிவிடும்.

ஆனால் லேசான தோட்டா என்றால் ஆபத்து குறைவு என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். .38 ஸ்பெஷல் 1890களின் கடைசியில் கரும்பவுடர் காலத்தில் பிறந்தது. அதனால் கேஸில் (பவுடர் அடைக்கும் பித்தளைக் கூட்டில்) இடம் அதிகம். இன்றைய வேகமாக எரியும் பவுடர்கள், புல்ஸ்ஐ, டைட்குரூப் மாதிரி, லேசான தோட்டாவுக்குக் கொஞ்சூண்டுதான் தேவைப்படும். கேஸின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், மேலே முழுக்கக் காலி. கவனம் சிதறி இரண்டாம் தடவை பவுடர் விழுந்தாலும் வழியாது, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவும் தெரியாது. .38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). இரட்டைப் பவுடர் அதை எங்கேயோ தாண்டிவிடும். விழாமலே போனால் அது இன்னொரு வம்பு: பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரின் விசையில் மட்டும் குண்டு குழல் நடுவில் போய்ச் சிக்கும், தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும்.

டிரெயில் பாஸ் இதற்காகவே வந்த பவுடர். பழைய மேற்கத்திய பாணியில் சுடும் கௌபாய் போட்டிக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது. ஒவ்வொரு துணுக்கும் நடுவில் ஓட்டை போட்ட உளுந்து வடையைக் கடுகளவுக்குச் சுருக்கின மாதிரி இருக்கும். எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். மற்ற பவுடர் ஒரு பவுண்டு கொள்ளும் அதே அளவு பாட்டிலில் இது 9 அவுன்ஸ்தான் அடைப்பார்கள். கொஞ்சம் போட்டாலே கேஸ் கணிசமாக நிரம்பிவிடும், இரட்டை விழுந்தால் கண்ணில் படாமல் போகாது. டைட்குரூப்பில் ஏற்றியும் பலர் நன்றாகச் சுடுகிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்கு ஏற்றும் தோட்டாவுக்கு எனக்கு டிரெயில் பாஸ்தான் வேண்டும்.

சில வருடமாகவே இது கடை அலமாரியில் கிடையாது. எந்தக் கடையில் கேட்டாலும் ஸ்டாக் இல்லை. என்னிடம் இருந்த பாட்டிலும் தீர்ந்து போனது.

துப்பாக்கிப் பிரியர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் ஒரு இணையதளத்தில் விளம்பரம் பார்த்தேன். நான்கு பாட்டில், சீல் பிரிக்காதது, ஒன்று 85 டாலர். கிடைத்துக்கொண்டிருந்த காலத்து விலையோடு பார்த்தால் இது கொள்ளைதான், ஆனால் இப்போது எல்லோரும் அப்படித்தான் விற்கிறார்கள். உடனே பணம் அனுப்பிவிடவில்லை. பாட்டில்கள் பக்கத்தில் என் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளை வைத்துப் படம் அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வந்தது. லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுத்த படமும் வந்தது. தளத்தில் அவனைப் பற்றி நல்லவிதமான கருத்துகள் வரிசையாக இருந்தன.

அப்புறம் போனில் பேசினான். வயதான குரல். கௌபாய் போட்டிகளில் சுட்டவனாம், இப்போது கண் மங்கிவிட்டதாம், அதனால் ரீலோடிங் சாமான்களைக் காலி செய்கிறானாம். எதற்கு வேண்டும் என்று கேட்டான். மனைவியின் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். "என் மனைவிக்கும் மூட்டுவலி, கடைசி வரைக்கும் அவளுக்கு இதைத்தான் ஏற்றிக் கொடுத்தேன்" என்றான். அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். "பவுடரை அழுத்தி ஏற்றிவிடாதே, குண்டின் அடிமட்டத்தைத் தாண்டக் கூடாது" என்று டிரெயில் பாஸுக்கே உரிய எச்சரிக்கையைக்கூட எனக்குச் சொன்னான். அவ்வளவு தெரிந்தவன். தெரிந்தே செய்திருக்கிறான், அதுதான் வயிறு எரிகிறது.

340 டாலர் பவுடருக்கு, 40 டாலர் ஹாஸ்மேட் (அபாயப் பொருள் அனுப்பும்) கட்டணம். மொத்தம் 380 டாலர். பணம் அனுப்பும் ஆப் வழியாக அனுப்பினேன்.

பார்சல் வந்தது. சாதாரண அட்டைப்பெட்டி, அபாயப் பொருள் என்று ஒரு ஒட்டுச்சீட்டுகூட இல்லை. அமெரிக்கத் தபாலில் இந்தப் பவுடரை அனுப்பவே கூடாது. கூரியர் என்றால் அதற்கென்று பயிற்சியும் லேபிளும் வேண்டும். அதற்குத்தான் 40 டாலர் வாங்கினான். அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, பெட்டி தூக்கும் தொழிலாளிக்குக்கூட உள்ளே என்ன என்று தெரியாமல் அனுப்பியிருக்கிறான்.

பாட்டிலைக் கையில் எடுத்ததுமே கனமாக இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன். 9 அவுன்ஸ் பவுடரும் காலி பாட்டிலும் சேர்ந்தாலும் ஒரு பவுண்டுக்கு வராது, இது ஒரு பவுண்டைத் தாண்டிக் காட்டியது. மூடியைத் திறந்தால் திருகில் பழைய தூசி. வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை கொட்டினேன். என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க, இதுல ஓட்டையே காணோமே?" என்றாள். ஓட்டை இல்லை. வளையமே இல்லை. கறுப்பாக, பளபளப்பாக, அமுக்கின மணி மாதிரி உருண்டு ஓடியது.

என் பவுடர் மெஷர் பழைய டிரெயில் பாஸ் அளவுக்கே வைத்திருந்தது. அது கன அளவில் போடும் கருவி. அதே குழியில் இந்தப் பவுடரை விட்டுத் தராசில் நிறுத்தேன். இரண்டு மடங்கைத் தாண்டியது. என்ன பவுடர் என்று தெரியாது, எவ்வளவு வேகத்தில் எரியும் என்று தெரியாது, அதில் இரண்டு மடங்குக்கு மேல். நினைத்தாலே உடம்பு பதறுகிறது. நான்கு பாட்டிலிலும் இதே கதை.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "வழியில் குலுங்கி வளையம் உடைந்திருக்கும்." உடைந்தால் உருண்டை ஆகுமா? அடுத்த பதில்: "இது புது லாட், கம்பெனி வடிவத்தை மாற்றிவிட்டது." உற்பத்தியே இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கிறோம், புது லாட்டாம். எடைக் கணக்கைக் கேட்டதும், "உனக்குப் பவுடரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, உன்னைப் போன்ற ஆளுக்கு விற்றதே தப்பு" என்று எழுதிவிட்டு என்னை பிளாக் செய்தான்.

தளத்துக்கு எழுதினேன். "நாங்கள் விளம்பரம் போட இடம் தருகிறோம், அவ்வளவுதான். உறுப்பினர்களுக்குள் நடப்பதற்குப் பொறுப்பில்லை." சரி, மற்றவர்களை எச்சரிக்கலாம் என்று அவன் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். விதிமீறல் என்று என் கருத்தைத்தான் நீக்கினார்கள். அவன் விளம்பரம் அப்படியே இருக்கிறது.

பணம் அனுப்பும் ஆப்பில், வெடிபொருள் சம்பந்தப்பட்ட வாங்கல் விற்றலுக்குப் பாதுகாப்பே கிடையாது என்றார்கள். வங்கியில், "நீங்களே அனுப்பிய பணம், திருப்ப வழியில்லை" என்றார்கள். அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு இந்த ஒரு வரி. காவல் நிலையத்தில் புகார் எண் கொடுத்தார்கள். ஆள் வேறு மாநிலம், தொகை 380 டாலர், பார்க்கிறோம் என்றார்கள். இது வெறும் 380 டாலர் விஷயம் இல்லை, யாரோ ஒருவர் கை போகும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும்:

பவுடரை உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள், கிரெடிட் கார்டில் வாங்குங்கள். தனியாள் "ஹாஸ்மேட் சேர்த்து அனுப்புகிறேன்" என்றால் அங்கேயே விலகிவிடுங்கள். டிரெயில் பாஸ் கிடைக்காவிட்டால் கடையில் கிடைக்கும் வேறு பவுடரை எடுத்து, அதைத் தயாரித்த கம்பெனியே வெளியிட்ட அளவில் ஏற்றுங்கள், குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். லேசாக வேண்டும் என்று எச்110 மாதிரி மெதுவாக எரியும் பவுடரைக் குறைத்துப் போடவே போடாதீர்கள், குறைக்கக் கூடாது என்று கம்பெனியே சொல்கிறது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. சமீபத்தில் தனியாளிடம் டிரெயில் பாஸ் வாங்கியிருந்தால் இன்றைக்கே ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். வளையம் இல்லையென்றால் ஒரு தோட்டாகூட ஏற்றாதீர்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் சுடாதீர்கள், கழற்றிவிடுங்கள். அவனுடைய குறுஞ்செய்திகள், பார்சல் பெட்டி எதையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். என் புகார் எண்ணைத் தருகிறேன், சேர்ந்தே கொடுப்போம்.