ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்பா, எஃப்எம்3-ஆ? அப்டேட்டுக்குப் பிறகும் அதே டோன் வேண்டும்

கிட்டாருக்கு டிஜிட்டல் ஆம்ப் மாடலர் (நிஜ ஆம்ப்ளிஃபையர்களின் சத்தத்தைக் கணக்குப் போட்டு உருவாக்கும் பெட்டி) வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "நிஜ ஆம்ப் மாதிரியே இருக்குமா?" என்றுதான். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன். கடைசியில் என் முடிவைத் தீர்மானித்தது வேறு கேள்வி. இன்றைக்கு உட்கார்ந்து செய்து வைக்கும் டோன், நாளைக்கு ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் போட்ட பிறகும் அதே டோனாக இருக்குமா?

சேலத்தில் ஓர் இன்னிசைக் குழுவில் வாசிக்கிறேன். கல்யாண மண்டபங்கள், ஆடி மாசம் வந்தால் மாரியம்மன் கோயில் மேடைகள், கோடையில் ஏற்காட்டு நிகழ்ச்சிகள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஆராதனை என்று வருஷம் ஓடும். நான் வாங்கியது லைன் 6 நிறுவனத்தின் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப். எங்கள் குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்ட் வைத்திருப்பது ஃப்ராக்டல் ஆடியோவின் எஃப்எம்3. இரண்டையும் ஒரே கிட்டார், ஒரே மிக்சர், ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி வாசித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது.

வெற்றிடக் குழாய்களில் ஓடும் பழைய பாணி டியூப் ஆம்ப்பைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். அதன் சத்தத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் ஏற்காடு போக இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அது வேனில் குலுங்கிக்கொண்டே ஏற வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் வோல்டேஜ் இறங்கினால் டியூபுக்குப் போகிற வோல்டேஜும் கூடவே இறங்கும், டோனும் மாறும். ஒரு இஎல்34 டியூப் போய்விட்டால் ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். மாட்டிய பிறகு பயாஸ் (டியூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிபார்த்துக் கொடுக்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். வாராவாரம் மேடை ஏறுகிறவனுக்கு இது தோதுப்படாது.

இனி இரண்டு பெட்டிகளுக்கு வருவோம். இரண்டிலும் மூன்று ஃபுட்ஸ்விட்ச். இரண்டுமே 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் ஓடுகின்றன. ஸ்டாம்ப் சின்னது, கிட்டார் பையின் முன் ஜிப்பிலேயே போய்விடும். ஆனால் 9 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். எஃப்எம்3-க்குப் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, சாதாரண கம்ப்யூட்டர் பவர் கார்டு போதும். அவசரத்துக்கு மண்டபத்து சவுண்ட்காரரிடமே அது கிடைக்கும். விலை எஃப்எம்3-க்குக் கூடுதல். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும்.

நிஜத்தன்மையில் எஃப்எம்3 ஒரு படி மேலே. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் சோதிக்கிற முறை இது: இரண்டிலும் மார்ஷல் பிளெக்ஸி வகை ஆம்ப் மாடலை எடுத்து, க்ரஞ்ச் (லேசான கரகரப்பு) வரும் அளவுக்கு கெயின் வைத்து, கிட்டாரின் வால்யூம் குமிழை 10-லிருந்து மெல்ல 4-க்கு இறக்குவேன். நல்ல டியூப் ஆம்ப்பில் இப்படிச் செய்தால் கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பளிச்சென்ற க்ளீன் சத்தம் மிஞ்சும். எஃப்எம்3-இல் அந்த இறக்கம் படி தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஸ்டாம்ப்பிலும் நடக்கிறது, ஆனால் 6-க்கும் 5-க்கும் நடுவில் சத்தம் சற்று மெலிந்த மாதிரி எனக்குப் படுகிறது. அதேபோல, டியூப் ஆம்ப்பில் கம்பியைப் பலமாக அடிக்கும்போது பவர் சப்ளை ஒரு கணம் திணறுவதால் சத்தம் முதலில் அமுங்கிப் பிறகு எழும்பும். ஸ்டாம்ப்பில் இதற்கு 'சேக்' என்று ஒரு குமிழ் உண்டு. ஃப்ராக்டலோ இன்னும் உள்ளே போய், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மின்தடுப்பு) பவர் ஆம்ப்பை எப்படி இழுக்கிறது என்பது வரைக்கும் கணக்குப் போடுகிறது. எந்த கேபினட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) இம்பீடன்ஸ் வளைவு வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். விரல் நுனியில் அந்த வித்தியாசம் தெரிகிறது.

மேடையில் அது தெரிகிறதா? டிரம்ஸ், ரெண்டு கீபோர்டு, தபலா, பாடகர்கள் எல்லாம் சேர்ந்த கலவையில் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஜனங்கள் காதில் விழும் கிட்டார் சத்தத்தில் ஆம்ப் மாடலைவிட கேபினட்டின் பங்குதான் பெரிது என்பது என் அனுபவம். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே செங்குத்தாக விழுந்துவிடும். அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராக மிக்சருக்கு அனுப்பினால் காதுக்குப் பக்கத்தில் கொசு ரீங்கரிக்கிற மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஸ்டாம்ப்புக்கு ஒரு பெரிய அப்டேட் கை கொடுத்தது. 2022-இல் வந்த 3.50 ஃபர்ம்வேரில் கேபினட் பகுதியையே புதிதாகச் செய்து கொடுத்தார்கள். திரையில் மைக்கை ஸ்பீக்கர் கூம்பின் நடுவிலிருந்து விளிம்பு வரை நகர்த்தலாம், தூரத்தைக் கூட்டலாம், 45 டிகிரி சாய்க்கலாம். நடுவில் வைத்தால் காரமாக இருக்கும்; ஓர் அங்குலம் தள்ளினாலே ஹாரன் ஸ்பீக்கர் மேடைகளில் காதைக் கிழிக்கும் அந்த முனை மழுங்கிவிடுகிறது. பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் நான் போராடிக்கொண்டிருந்த வேலையை மைக்கின் இடம் செய்துவிட்டது. காசு கொடுக்காமல், அதே பெட்டியில்! 2018-இல் ஸ்டாம்ப் வெளிவந்தபோது ஒரு ப்ரீசெட்டில் (சேமித்து வைக்கும் ஒரு டோன் அமைப்பில்) ஆம்ப், எஃபெக்ட் என்று ஆறு பிளாக்தான் வைக்க முடியும், 3.0 வந்ததும் எட்டு ஆனது. அதுவும் இலவசம்தான்.

எனக்கு முக்கியமானது அந்த 3.50 வந்தபோது பழைய ப்ரீசெட்டுகளுக்கு என்ன ஆனது என்பது. ஒன்றும் ஆகவில்லை. பழைய கேபினட்டுகளை 'லெகசி' என்று தனியாக ஒதுக்கி அப்படியே வைத்துவிட்டார்கள். பழைய ப்ரீசெட் பழைய கேபினட்டிலேயே ஓடுகிறது. புதியது வேண்டுமென்றால் நானாகப் போய் மாற்ற வேண்டும். லைன் 6-இன் போக்கே பொதுவாக இதுதான்: இருக்கிறதைத் தொடாதே, புதியதைப் பக்கத்தில் வை. 2025-இல் அறிவித்த ஹீலிக்ஸ் ஸ்டேடியம் என்ற புதுப் பெட்டியிலும் 'அகோரா' என்ற புதிய மாடலிங் முறையைக் கொண்டுவந்து, பழைய மாடல்களையும் கூடவே கொடுத்திருக்கிறார்கள்.

ஃப்ராக்டலின் வழி நேர்மாறு. அங்கே ஆம்ப் மாடலிங் என்பது தொடர்ந்து செதுக்கிக்கொண்டே இருக்கும் வேலை. 2021-இல் தங்கள் பெரிய பெட்டியான ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3-க்கு 'சிக்னஸ்' என்ற பெயரில் மொத்தக் கணக்கையும் புதுப்பித்தார்கள். பிறகு சின்னப் பெட்டிகளுக்கும் அது இறங்கி வந்தது. அப்படி வரும்போது பழைய ப்ரீசெட்டும் புதிய கணக்கில்தான் ஓடும். சில அப்டேட்டுகளில், ஆம்ப் பிளாக்கை ரீசெட் செய்துவிட்டு மறுபடி குமிழ்களை வையுங்கள் என்று அவர்களே குறிப்பில் சொல்லிவிடுகிறார்கள். 2018-இல் வாங்கிய ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3 வருஷா வருஷம் இன்னும் நிஜமாகிக்கொண்டே வருவதற்கு இதுதான் காரணம். நிஜத்தன்மையைத் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. எங்கள் நண்பர் அப்டேட் வந்த ராத்திரியே போட்டுவிட்டு, "அண்ணா, கீழ்க் கம்பி எப்படி இறுக்கமா வருது பாருங்க" என்று போன் போடுவார். அவர் சொல்வதில் தப்பில்லை, கேட்டால் நன்றாகத்தான் இருக்கும்.

எனக்கு உதைக்கிற இடம் எது என்றால், அந்த மாற்றத்தை நான் எங்கே வைத்துச் சரிபார்ப்பது? அம்மாப்பேட்டையில் நெருக்கமான தெருவில் வீடு. ராத்திரி ஹெட்போன், பகலில் சின்ன ஸ்பீக்கர், பேச்சுச் சத்தத்துக்குக் கொஞ்சம் மேலே. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகத்தான் கேட்கும். அதனால் வீட்டில் இரண்டையும் தூக்கி வைத்து "ஆகா, நிஜ ஆம்ப்" என்று சேமித்த டோனை மண்டபத்தில் முழுச் சத்தத்தில் விட்டால் கீழே குமுறும், மேலே கிழிக்கும். ஆக, ஒரு டோன் சரியா என்பதை மேடைச் சத்தத்தில் மட்டும்தான் தீர்மானிக்க முடியும். நம் மாதிரி ஆட்களுக்கு மேடைச் சத்தம் கிடைப்பதே நிகழ்ச்சி அன்று, சவுண்ட் செக் என்று கொடுக்கும் கொஞ்ச நேரத்தில்தான். அதிலும் பாதி, பாடகர் மைக்குக்குப் போய்விடும்.

என் ப்ரீசெட்டுகள் ஒவ்வொன்றும் அப்படி மேடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப்பட்டவை. எண்பதுகளின் பாட்டுகளுக்கான க்ளீன் டோனில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் நான் குறைத்து வைத்திருப்பது ஏதோ ஒரு மண்டபத்தின் எதிரொலி சொல்லிக் கொடுத்தது. லீட் டோன் பாட்டுக்கு மேலே எவ்வளவு எழும்ப வேண்டும் என்பதை எங்கள் சவுண்ட்காரரும் நானும் பல மேடைகளில் பேசிப் பேசி முடிவு செய்தோம். இப்போது அவர் என் சேனலில் கை வைப்பதே இல்லை. அந்த உழைப்பு ஒரு அப்டேட்டில் நகர்ந்துவிடக் கூடாது. நல்ல திசையில் நகர்ந்தாலும் எனக்கு அது மறுபடி முதலிலிருந்து வேலைதான்.

"பிடிக்கவில்லை என்றால் அப்டேட் போடாமல் விட வேண்டியதுதானே?" என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. எஃப்எம்3-இல் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பவும் முடியும், பேக்கப் இருந்தால் போதும். ஆனால் பழுது நீக்கமும் புதிய எஃபெக்டும் ஆம்ப் மாற்றமும் ஒரே பொட்டலத்தில் வருகின்றன. ஒன்றை வேண்டாம் என்றால் மூன்றையும் விட வேண்டும். ஸ்டாம்ப்பில் எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. புதியதை எடுத்துக்கொண்டு பழையதிலேயே வாசிக்கிறேன். இதற்கு ஒரு விலையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: என் பிளெக்ஸி மாடல் வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அகோரா வேண்டுமென்றால் புதுப் பெட்டிதான் வாங்க வேண்டும்.

அப்டேட் போடும் வேலை இரண்டிலும் சுலபம். ஸ்டாம்ப்பில் முதலில் முழு பேக்கப், பிறகு அப்டேட். மறுபடி ஆன் ஆகும்போது 126 ப்ரீசெட்டுகளையும் வரிசையாகப் புதுப்பித்துக்கொள்ளும், அதுவரை பொறுமை வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ள ஹெச்எக்ஸ் எடிட் மென்பொருளும் அதே பதிப்புக்கு வந்தாக வேண்டும். புதிய பதிப்பில் செய்த ப்ரீசெட் பழைய பதிப்பில் திறக்காது. ஒரே குழுவில் இருவர் ஸ்டாம்ப் வைத்திருந்தால் சேர்ந்தே அப்டேட் போடுங்கள். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, பெட்டிக்குக் கிடையாது. அதனால் அடாப்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுவேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் தொடவே மாட்டேன். நிகழ்ச்சி இருக்கும் வாரத்திலும் அப்படித்தான்.

ஆம்ப்பைப் படம்பிடிக்கும் வகையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2011-இல் கெம்பர் நிறுவனம் ஆரம்பித்து வைத்தது. இன்று குவாட் கார்டெக்ஸ், டோன்எக்ஸ் என்று நிறைய வந்துவிட்டன. ஒரு நிஜ ஆம்ப் குறிப்பிட்ட குமிழ் நிலையில் எப்படி ஒலிக்கிறதோ அதை அப்படியே பிடித்து வைக்கும். டோன்எக்ஸ் பெடலை நண்பர் வீட்டில் சில மாலைகள் வாசித்ததோடு சரி, மேடையில் ஏற்றியதில்லை. ஒரே ஒரு க்ரஞ்ச் டோனுக்கு அது அபாரம். ஆனால் பிடித்த நிலையிலிருந்து கெயினை வெகுதூரம் திருப்பினால் அசல் ஆம்ப் போன வழியிலேயே அதுவும் போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு பாட்டில் க்ளீன், அடுத்த பாட்டில் லீட் என்று தாவுகிற எங்கள் குழுவுக்கு அது முதல் பெட்டியாக ஒத்துவருமா என்று இப்போதைக்கு அடித்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் ரெக்கார்டிங் செய்கிறவர், தனியாக உட்கார்ந்து ஒரே ஆம்ப்பின் தொடு உணர்வை ரசித்து வாசிக்கிறவர், அப்டேட் வந்தால் மறுபடி டோன் செய்வதையே சந்தோஷமாக நினைக்கிறவர் எஃப்எம்3 வாங்கலாம். பணம் வீண் போகாது. மேடைக்கு மேடை போய், போன வாரம் இருந்த அதே டோன் இந்த வாரமும் முதல் அடியிலேயே வர வேண்டும் என்கிறவருக்கு நான் ஸ்டாம்ப்பைத்தான் சொல்வேன். செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் 3.50-ஓ அதற்குப் பிந்தையதோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் கவலை இல்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம். யூஎஸ்பி போர்ட் ஆடாமல் இருக்கிறதா என்பதைத்தான் கையில் வாங்கியதும் கேபிள் செருகிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இனி வரும் அப்டேட் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.