ஆயில் மாற்றப் போய் 41,350 ரூபாய் போச்சு: பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை பதினோரு மணிக்குத்தான் வண்டி கைக்கு வந்தது. வந்து இன்னும் குளிக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி. 41,350 ரூபாய். விபத்தில்லை, இன்ஜின் பிரித்துக் கட்டவில்லை, வெறும் ஆயில் மாற்றப் போனதில் தொடங்கியது. பழைய வண்டிக்கு எந்த ஆயில், எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி அப்பா வாங்கிய 2011 ஸ்கார்ப்பியோ, 2.2 எம்ஹாக் இன்ஜின். இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அப்பா இருந்தவரை ஒவ்வொரு ஆயில் மாற்றலையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார், தேதி, கிலோமீட்டர், என்ன ஆயில், எத்தனை லிட்டர், யார் மாற்றியது, எவ்வளவு என்று. அவருக்கப்புறம் நானும் அதே நோட்டில் எழுதி வருகிறேன். எல்லாத் தடவையும் ஒரே மெக்கானிக் அண்ணன்தான், ஒரே 15டபிள்யூ-40 (இது ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) டீசல் ஆயில்தான். இந்தத் தடவை அந்த அண்ணனுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன், கடை பூட்டியிருந்தது. பையனுக்கு மொட்டை போட அடுத்த ஞாயிறு கொல்லிமலை மாசி பெரியசாமி கோயிலுக்குப் போக வேண்டும், குலதெய்வம், நாள் குறித்தாகிவிட்டது. மலை ஏறும் முன் ஆயில் மாற்றிவிடலாமே என்று தோன்றியது. அந்தப் புத்தி வராமலே இருந்திருக்கலாம்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. திருச்சியில் பைபாஸ் பக்கம் இருக்கிற, எல்லாக் கம்பெனி வண்டிக்கும் "ஒரு மணி நேரத்தில் ஆயில் சர்வீஸ்" என்று போர்டு வைத்திருக்கிற வகைக் கடை. ஏசி ரூம், கண்ணாடி வழியாக வண்டியைப் பார்க்கலாம், டீ கொடுப்பார்கள், எல்லாப் பையன்களும் ஒரே கலர் டீ-ஷர்ட்.

நான் ஏமாந்த இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். கவுண்டரில் இருந்தவர் அப்பாவின் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சும்மா புரட்டவில்லை, நின்று படித்தார். "இப்படி எழுதி வச்சு வண்டி ஓட்டுற ஆளு இப்ப எங்கண்ணே இருக்காங்க? அப்பாவா? கும்பிடணும்ணே அவர" என்றார். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். அப்புறம் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, ஒரு வெள்ளை டிஷ்யூவில் துடைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். கன்னங்கரேல் என்று இருந்தது. "பாருங்கண்ணே, எவ்ளோ அழுக்கு. இது மேல புது ஆயில ஊத்துனா கழுவாத பாத்திரத்துல பால் காய்ச்சுற மாதிரி. இன்ஜின் பிளஷ் ஒண்ணு போட்டுருவோம். வண்டிக்கு வயசாச்சு, இனிமே கொஞ்சம் கெட்டியான ஆயில்தான் செட் ஆகும், மலைக்கு வேற போறீங்க."

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கறுத்துவிடும், கரியைத் தன்னோடு சுமந்துகொண்டு ஓடுவதுதான் அந்த ஆயிலின் வேலையே, கறுப்பை வைத்து ஆயில் கெட்டது என்று சொல்லவே முடியாது என்பதெல்லாம் எனக்கு நாமக்கல்லில்தான் தெரிந்தது, அதற்குள் 41,350 போய்விட்டது.

சரி என்றேன். பிளஷ் என்பது இன்ஜினுக்குள் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கரைத்துக் கிளப்பும் திரவம், அதை ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார்கள். நான் ஏசி ரூமில் டீ குடித்துக்கொண்டு போன் பார்த்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எங்கள் மெக்கானிக் அண்ணன் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேன் உடைப்பதிலிருந்து பார்க்கிறவன், இங்கே ஏசியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. எழுந்து போனபோது புது ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்து லிட்டர் கேன் ஒன்று, மூடி ஏற்கெனவே திறந்தது. இந்த இன்ஜின் ஆறு லிட்டருக்கு மேல் பிடிக்கும், மீதியை ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் கொண்டுவந்து ஊற்றினான் பையன். "அது எந்தக் கேன்லருந்துப்பா?" என்று கேட்டேன். "அதே ஆயில்தான் சார், உள்ள பெரிய பக்கெட்ல இருக்கு" என்றான். நம்பினேன்.

பில்: ஆயில் ஆறரை லிட்டர் 4,550, பிளஷ் 650, பில்டர் 650, ஏதோ கோட்டிங் திரவம் 600, கூலி 400. மொத்தம் 6,850. ஆயிலின் கிரேடு பில்லில் இல்லை, "பிரீமியம் ஆயில்" என்று மட்டும். அந்த ஆள் என் கையிலிருந்து நோட்டை வாங்கி, அப்பாவின் பால்பாயின்ட் பேனா வரிகளுக்கும் என் வரிகளுக்கும் கீழே, நீல ஜெல் பேனாவில் "2,14,180, பிரீமியம்" என்று தானே எழுதிக் கொடுத்தார். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நல்லவேளையாக ஒன்று செய்தேன். காலிக் கேனைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். விவரம் தெரிந்து இல்லை, அம்மா அதை வெட்டித் தொட்டிக்கு மண் அள்ள வைத்துக்கொள்வார், அந்தப் பழக்கம்.

அடுத்த ஞாயிறு விடியற்காலை கிளம்பினோம். நாமக்கல் தாண்டிக் காரவள்ளி அடிவாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. கொல்லிமலை போனவர்களுக்குத் தெரியும், அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருப்பார்கள். 38-இல் மேலிருந்து வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது சிவப்பு ஆயில் விளக்கு ஒரு தடவை மின்னி அணைந்தது. ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் இல்லை. சென்சார் கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், நிறுத்த இடமும் இல்லை. இதில் என் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. அந்த இடத்திலேயே ஆஃப் செய்திருக்க வேண்டும். 41-இல் விசில் மாதிரி ஒரு சத்தம், அது ஊளையாக மாறியது, இழுவை சுத்தமாகப் போய்விட்டது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. வண்டிக்குள் அம்மா, மனைவி, பையன், மொட்டைக்கு வந்த தாய்மாமன். எல்லோரையும் பின்னால் வந்த ஒரு வேனில் ஏற்றி அனுப்பினேன். பையனுக்கு மொட்டை போட்டபோது நான் 41-ஆம் வளைவில் டயருக்குக் கல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரெக்கவரி வண்டிக்கு 3,500. நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் இறக்கினோம். அந்த மெக்கானிக்குக் கை பேசுகிறது. டர்போவுக்கு, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறிக்கு, வரும் ஹோஸைக் கழற்றி, உள்ளே ஷாப்டை விரலால் ஆட்டிக் காட்டினார், ஆடவே கூடாது, இது ஆடும் பல் மாதிரி ஆடியது. பிறகு சம்ப்பை, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டை, இறக்கினார். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது, ஸ்ட்ரெய்னர். புளி கரைத்து வடிகட்டினால் சல்லடையில் சக்கை நிற்குமே, அப்படிக் கறுப்பாக, கொழகொழவென்று அப்பிக்கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். "பதினாலு வருச அழுக்குங்க. அது பாட்டுக்கு ஒரு மூலைல ஒட்டிட்டுக் கெடந்துச்சு. பிளஷ்ஷ ஊத்திக் கிளப்பி விட்டுட்டாங்க, எல்லாம் வந்து சல்லடைல உக்காந்துக்குச்சு. பம்பு எப்படிங்க உறிஞ்சும்?" ஆயில் வரத்துக் குறைந்தால் முதலில் சாவது டர்போதான். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற ஷாப்ட், மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, அது இல்லையென்றால் உலோகம் உலோகத்தில் தேயும்.

அப்புறம்தான் அந்தக் காலிக் கேன் ஞாபகம் வந்தது. எடுத்துக் காட்டினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் 20டபிள்யூ-50, அதற்குப் பக்கத்தில் தரக் குறியீடு, ஏபிஐ எஸ்எல்/சிஎஃப். அவர் சிரித்துவிட்டார். "இது பழைய பெட்ரோல் காருக்கு ஊத்துறதுங்க." எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. சரி, சிஎஃப் என்றும் இருக்கிறதே என்று கேட்டேன். அது தொண்ணூறுகளில் வந்த பழைய ரகம், அந்தக் காலத்து டீசல் இன்ஜின்களுக்கு ஆனது, என் வண்டி மாதிரி காமன் ரெயில் (டீசலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் புது முறை) டர்போ டீசலுக்கு அது பற்றாது. ஜாடியில் வந்த ஒன்றரை லிட்டர் என்ன ஆயில் என்பது அந்தக் கடைக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

டர்போ சரிசெய்ய 22,000, சம்ப் வேலையும் கேஸ்கெட்டும் 4,500, மறுபடி சரியான ஆயிலும் பில்டரும் 4,500. ரெக்கவரி 3,500, கடைக்காரருக்கு அழுத 6,850. கூட்டிப் பாருங்கள், 41,350. இதில் மூன்று நாள் சம்பளப் பிடித்தமும் பஸ் செலவும் சேரவில்லை.

இனி கடைக்காரர்கள் என்னைச் சுற்றவிட்ட கதை. மலையிலிருந்தே போன் செய்தேன், "ஓனர் மீட்டிங்ல இருக்காரு சார்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்ன மீட்டிங்கோ. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். சல்லடை, கேன், பில் எல்லாம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு நானும் மனைவியும் நேரில் போனோம். நோட்டைப் படித்து உருகிய ஆள் அன்றைக்கு லீவாம். டீ வந்தது. ஓனர் ஸ்பீக்கர் போனில் வந்தார். "என்ன மாடல் சார்? 2011ஆ? அதுக்கு வயசாச்சு சார்." வயதாகிவிட்டது என்றுதானே பிளஷ் போட்டீர்கள் என்றேன். "டர்போ வேற, ஆயில் வேற சார். நாங்க டர்போல கையே வைக்கல. நீங்க எழுபது வளைவு ஏத்தியிருக்கீங்க." மலைக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் ஊற்றச் சொன்னேன் என்றதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த சர்வீஸில் பத்து பர்சன்ட் குறைத்துத் தருகிறோம் என்றார். அடுத்த சர்வீஸாம்!

கிளம்பும்போது ஒரு பையன் பணிவாக வந்து, "அந்தக் காலிக் கேனையும் பில்லையும் கொடுத்துட்டுப் போங்க சார், கம்பெனிக்கு டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாக்குறோம்" என்றான். நான் கொடுக்கவே போய்விட்டேன். மனைவிதான் என் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். எந்த ஆயிலை ஊற்றினார்கள் என்பதற்கு அந்தக் கேனை விட்டால் என்னிடம் வேறு எந்த அத்தாட்சியும் இல்லை.

ஆயில் பற்றி விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கை வலிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வண்டியோடு வந்த கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதுதான் ஆயில், வயதாகிவிட்டது என்று எவன் சொன்னாலும் நீங்களாகக் கெட்டி ஆயிலுக்குப் போகாதீர்கள். கெட்டி ஆயில் புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டர்போவுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். 15டபிள்யூ என்பதில் முன்னால் இருக்கும் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் இருக்கும் 40 சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு, நம் ஊர் வெயிலுக்குப் பார்க்க வேண்டியது பின் எண்தான். கேனின் பின்பக்கம் சிஐ-4 அல்லது அதற்கு மேலான டீசல் ரகமா என்று பாருங்கள், கையேடு கேட்பதற்குக் கீழே இறங்காதீர்கள். அதிகம் ஓடிய வண்டிக்குப் பிளஷ் வேண்டவே வேண்டாம். கேன் உங்கள் கண்ணெதிரே சீல் உடைய வேண்டும், ஜாடியில் வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், காலிக் கேனைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள், இல்லையென்றால் அதிலேயே போலி ஆயில் நிரப்பி அடுத்தவன் தலையில் கட்டுவார்கள். பில்லில் கிரேடு எழுதாமல் காசு கொடுக்காதீர்கள். சிவப்பு ஆயில் விளக்கு மின்னினால் மலையோ ரோடோ, அங்கேயே ஆஃப்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போட்டுப் புகாரைப் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, அதற்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாமக்கல் மெக்கானிக் ஒரு வெள்ளைத் தாளில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், சல்லடையில் வழித்ததை ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், கேன் பீரோவுக்குள் இருக்கிறது, அம்மா வெட்டக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. இந்த மாதிரி வழக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆயிலை லேபில் டெஸ்ட் செய்து அறிக்கை வாங்க வேண்டுமா, இல்லை இதுவே போதுமா?

சனிக்கிழமை மெக்கானிக் அண்ணனைப் போய்ப் பார்க்க வேண்டும். கண் கட்டு அவிழ்த்துவிட்டார்களாம்.