வேதபாட வகுப்பா, விசுவாசக் கலந்துரையாடலா?

வேதபாட வகுப்பு ஒரே நூலை வரிசையாக வாசித்துச் செல்வதால், 16 அதிகாரங்கள் கொண்ட மாற்கு சுவிசேஷத்தை வாரம் ஓர் அதிகாரமாக ஏறக்குறைய 4 மாதங்களில் முடித்துவிடலாம். அதன் கடைசி 12 வசனங்கள் மிகப் பழமையான கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இல்லை என்பது போன்ற செய்திகளையும் அங்கேதான் நிதானமாகப் பேச முடியும்.

கலந்துரையாடல் குழுவோ வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறது: பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் வேதாகமத்தில் கடவுளிடம் முறையிடும் பாடலான 13ஆம் சங்கீதத்தின் 'எதுவரைக்கும்' என்ற சொல்லோடு வாசிப்பை நிறுத்தும்போது, பதில் சொல்ல எவரும் அவசரப்படாத அந்த மௌனம் வகுப்பில் வாய்ப்பதில்லை. ஆனால் நடத்துபவர் சற்றே தளர்ந்தால், உரக்கப் பேசும் இருவரின் வாக்குவாதமாக அது சுருங்கிவிடும் (வகுப்பில் இந்தத் தொல்லை குறைவு, கொட்டாவிதான் அதிகம்).

புதிதாக வருபவருக்கு நான் வகுப்பையே பரிந்துரைப்பேன். கேட்காமல் அடக்கிவைத்த கேள்விகள் சேர்ந்துவிட்ட நெடுநாள் விசுவாசிக்குக் குழுவே ஏற்றது.